படம் வராத கம்ப்யூட்டர்

நாடே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நடிகையின் நெற்றி முதலில் வந்து, புருவம் வந்து, மூக்கு வருவதற்குள் அரைமணி நேரம் தீர்ந்துபோய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு கம்ப்யூட்டரில் படமே வராமல் இருக்க என்ன வழி என்று நான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வெற்றியும் பெற்றேன். அந்த வெற்றியை இன்றுவரை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. சொன்னால் "எதுக்கு?" என்று கேட்பார்கள். "ஒரு அம்மாவுக்குப் பயமாக இருந்தது" என்று சொல்லிவிடலாம். "சரி, உனக்கு?" என்று கேட்டால்தான் சங்கடம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த அம்மாவோடு பத்து நிமிஷம் பேசினால் யாருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

ஆரணியில் அவரை டிசைன் அக்கா என்பார்கள். பெயர் இருந்தது, ஆனால் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் "பேரெல்லாம் எதுக்குத் தம்பி வெளிய போவணும்?" என்பார்.

பட்டுப்புடவைக் கரையில் ஒரு மயில் நிற்க வேண்டுமானால் முதலில் அதைக் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டைகளில் துளை போட வேண்டும். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் தலைமேல் ஏற்றினால், துளை உள்ள இடத்தில் இழை தூக்கும், துளை இல்லாத இடத்தில் தூங்கும். மயில் பிறக்கும். அக்கா செய்தது இந்த வேலை. முதலில் பென்சிலில் செய்தார். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டரும் துளை போடும் மெஷினும் வாங்கினார். ஒரு மாடி அறை, ஒரு ஆள் ஏறினால் ஊருக்கே கேட்கும் மரப்படி.

நூலும் ஜரிகையும் கொடுத்து வீடுகளில் நெய்து வாங்குகிறவர்களை முதலாளி என்போம். ஒவ்வொரு முதலாளிக்கும் முகூர்த்த சீசனுக்கென்று ஒரு புது டிசைன் உண்டு. கடைக்குப் போகும்வரை அதை இன்னொரு முதலாளி பார்த்துவிடக் கூடாது. ஊரில் பாதி முதலாளிகளின் டிசைன் அக்காவின் அந்த ஒரே அறையில் இருந்தது. பூனைக்கும் எலிக்கும் ஒரே பீரோ, சாவி இவர் இடுப்பில். பயப்படாமல் என்ன செய்வார்?

மானிட்டர் சுவரைப் பார்த்து இருக்கும். சுவருக்கும் அதற்கும் இடையில் இவர் உட்கார்ந்திருப்பார். படியில் கால் சத்தம் கேட்டால் தலையணை உறையை எடுத்து மானிட்டருக்கு மாட்டிவிட்டுத்தான் "யாரு?" என்பார். ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் மேலே வரக் கூடாது. கணவர் ரைஸ் மில்லில் வேலை செய்தார், சாதுவான மனிதர், அவர்கூடப் படி ஏறியதில்லை. சாப்பாட்டுக்குக் கீழேயிருந்து கையைத் தட்டுவார்.

ஊருக்கே பூ வரைந்தவர் கட்டியது கரையே இல்லாத ஒற்றை நிறக் காட்டன் புடவை. உடம்பிலிருந்துகூட எதுவும் கசியக் கூடாது என்பது கட்சி. கல்யாணங்களுக்குப் போவார். மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து பந்தியில் இலை விரிக்கும்வரை தரையைப் பார்த்தபடியே இருப்பார். யார் புடவையையாவது இரண்டு விநாடி பார்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே மாதிரி ஒரு பூ எங்காவது வந்து தொலைத்தால் என்ன ஆவது? "பொண்ணு எப்படி இருந்துச்சு?" என்று ஒருமுறை கேட்டேன். "காலு நல்லா இருந்துச்சு தம்பி" என்றார்.

வேலூருக்கு பஸ்ஸில் போனால் தூங்க மாட்டார். கண்ணமங்கலம் தாண்டி எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும்போது இவர் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். தூக்கத்தில் கட்டக் கணக்கை உளறிவிட்டால்?

இதையெல்லாம் நான் ஊரில் சொல்லிச் சிரிக்கவைத்ததுண்டு. அக்காவின் எதிரில் சிரிப்பு வராது. ஏனென்றால் அவர் எனக்கு ஒரு கதையைச் சொல்லியிருந்தார்.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பென்சில் காலத்து ஆள். ஒரு சீசனில் ஒரு முதலாளியின் முந்தி டிசைன் இன்னொரு முதலாளியிடம் வந்துவிட்டது. விசாரணை எதுவும் இல்லை. மறுநாள் காலை அவர் அடித்துக்கொடுத்த அட்டைகளை எல்லாத் தறிகளிலிருந்தும் இறக்கிக் கொண்டுவந்து அவர் வீட்டு வாசலில் குவித்துக் கொளுத்தினார்கள். பெட்ரோல்கூட ஊற்றவில்லை, அட்டை தானே எரிந்தது. யாரும் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. எரிந்து முடியும்வரை நின்று பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். அவர் அந்த வாரமே குடும்பத்தோடு பஸ் ஏறினார். அதற்கப்புறம் ஆரணியில் ஒரு தறியிலும் அவர் அட்டை ஏறவில்லை. பெங்களூரில் எங்கோ வாட்ச்மேனாக இருப்பதாகக் கேள்வி.

"அவர்தான் கொடுத்தாராக்கா?"

"தெரியாது தம்பி. இன்னிவரைக்கும் தெரியாது. அதான் பயம்" என்றார். "செஞ்சவனுக்கு ஒரு பயம்தான். செய்யாதவனுக்குத்தான் நெறைய பயம்."

சொல்லும்போது குரல் உயராது. கைமட்டும் தலையணை உறையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருக்கும்.

அப்போது எனக்கு முப்பது வயது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்று போர்டை மாற்றிக் கம்ப்யூட்டர் சென்டர் ஆகியிருந்தது, அதில் வாத்தியார். மாணவர்களைவிட ஒரு பாடம் முன்னால் இருந்தேன், சில நாள் அதுவும் இல்லை. அக்கா ஒரு நாள் ஆளனுப்பிக் கூப்பிட்டார். துளை போடும் மெஷின் ஒரு வரி தள்ளித் துளை போடுகிறது. மயிலின் கழுத்து முதுகில் முளைக்கிறது. மெஷின் செய்த பெங்களூர் கம்பெனிக்குப் போன் போட்டால், வழியெல்லாம் எங்கள் இணையப் பக்கத்தில் இருக்கிறது, புரியாவிட்டால் மெஷின் எழுதிவைத்திருக்கும் பிழைக் குறிப்பை மெயிலில் அனுப்புங்கள் என்கிறார்கள்.

"ஃபிளாப்பியில எடுத்துக் குடுங்கக்கா. சென்டர்ல இருந்து அனுப்பிடறேன்" என்றேன்.

"இந்த ரூம்புல இருந்து ஒரு ஃபிளாப்பி படி எறங்கினது இல்ல தம்பி. இங்க இருந்தே பண்ண முடியுமா பாருங்க." கொஞ்சம் யோசித்தார். "அந்த இன்டர்நெட்டுல படம் வருமா?"

"வரும்க்கா. மெதுவா வரும். ஆனா வரும்."

"எது வழியா?"

"போன் ஒயர் வழியா."

"அந்த ஒயரு ஒரு பக்கம்தான் போவுமா, ரெண்டு பக்கமுமா?"

வாத்தியார் அல்லவா, உண்மையைச் சொன்னேன். "ரெண்டு பக்கமும்."

எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "வர்ற வழிதான் தம்பி போற வழி. படம் வராம எழுத்து மட்டும் வர்ற மாதிரி ஒரு வழி இருந்தா சொல்லுங்க. படம் வர முடியாதுன்னா போவவும் முடியாது."

யோசித்துப் பார்த்தால் இது தப்பான வாதம். ஆனால் எனக்கு அன்று மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் அப்படி ஒரு வழி எனக்குத் தெரியும். அதைக் காட்ட ஆள் கிடைக்காமல்தான் நான் ஆரணியில் வாடிக்கொண்டிருந்தேன்.

ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் லினக்ஸ் கிடைத்திருந்தது. அதில் ஈமேக்ஸ் என்று ஒரு எடிட்டர். எழுத்து தட்டுவதற்கென்று செய்தது. ஆனால் அதை வழிபடுகிறவர்கள் மெயில், நாள்காட்டி, கணக்கு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதிரியான மடம், உள்ளே போனவர் வெளியே வருவதில்லை. அதற்குள்ளேயே இணையப் பக்கங்களையும் படிக்கலாம். டபிள்யூ த்ரீ எம் என்று எழுத்து மட்டும் காட்டும் ஒரு பிரவுசர், அதை எடிட்டருக்குள் பொருத்தினால் போதும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் என்ற பேச்சே கிடையாது.

"போதும்" என்பது மூன்று வாரம் ஆயிற்று. கம்ப்யூட்டரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் டிசைன், மறுபாதியில் லினக்ஸ். மோடம் லினக்ஸைப் பார்த்ததும் ஊமையாகிவிட்டது. வேறு மோடம் வாங்கினோம். எடிட்டருக்குப் பிரவுசர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தெரிந்ததும் இரண்டுக்கும் ஒத்துவரவில்லை, ஒன்று போன வருஷத்தது, ஒன்று இந்த வருஷத்தது. எல்லா ஏற்பாட்டையும் ஒரு கோப்பில் எழுத வேண்டும். படங்களைக் காட்டாதே என்று ஒரு வரி, எந்த முகவரியைத் திறந்தாலும் இந்தப் பிரவுசரில்தான் திறக்க வேண்டும் என்று ஒரு வரி. ஒவ்வொரு வரியும் அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஒரு அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால் மொத்தமும் படுத்துவிடும்.

"தொறந்தா மூடணும்னு சொல்லுதா?" என்றார் அக்கா. இதில் அவருக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான். "புத்தியுள்ள ஜந்து."

இரண்டாவது, அந்தக் கோப்பின் பெயர். அது ஒரு புள்ளியில் தொடங்கும்.

"பேருக்கு முன்னால புள்ளி வச்சா கண்ணுக்குத் தெரியாதா?"

"சாதாரணமா பட்டியல் போட்டுப் பாத்தா தெரியாதுக்கா."

"யாருக்குமேவா?" முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கேக்கத் தெரிஞ்சவனுக்குத் தெரியும்."

வெளிச்சம் அணைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோடம் கிய்யா மிய்யா என்று கத்தி அடங்கியபின், கம்பெனியின் பக்கம் திரையில் விரிந்தது. எழுத்து மட்டும். நான் எழுந்து நின்று கை தட்டுவதற்கு ஆள் தேடினேன். அக்கா ஒரு கையில் ஜரிகை வெட்டும் கத்தரியைத் திறந்து போன் ஒயருக்குப் பக்கத்தில் பிடித்தபடி திரையை உற்றுப் பார்த்தார்.

"இது இன்னா தம்பி?"

படம் இருக்க வேண்டிய இடங்களில் சதுர அடைப்புக்குள் 'இமேஜ்' என்ற சொல் நின்றது.

"அங்க ஒரு படம் இருக்குதுன்னு அர்த்தம்க்கா."

"எங்க?"

"அவங்க கம்ப்யூட்டர்ல."

குரலைத் தணித்தார். "அப்ப வாசல் வரைக்கும் வந்து நிக்குதா?"

அதுவரை அது எனக்கு ஒரு சொல். அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பக்கம் முழுக்கச் சதுரக் கதவுகளுக்குப் பின்னால் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

மெஷினைச் சரிசெய்யும் வழி அங்கே விளக்கமாக இருந்தது. "படத்தில் காட்டியுள்ள திருகை, படத்தில் காட்டியுள்ள திசையில், படத்தில் காட்டியுள்ள அளவுக்குத் திருப்பவும்." கீழே வரிசையாக இமேஜ், இமேஜ், இமேஜ். மூன்று வார உழைப்பின் பயன் இவ்வளவுதான். அப்புறம் கம்பெனிக்கு மெயில் எழுதினேன்: தயவுசெய்து படத்தை வார்த்தையில் எழுதி அனுப்பவும். பெங்களூரில் எந்தப் புண்ணியவானோ பொறுமையாக எழுதினார். மேல் மூடியைத் திறந்தால் இடப்பக்கம் சிவப்புத் திருகு, அதற்கு அடுத்தது. மயிலின் கழுத்து கழுத்துக்குத் திரும்பியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மெஷின் மாதம் ஒருமுறை படுத்தியது. நானும் மாதம் ஒருமுறை போய் ஒயரை மாட்டினேன், அக்கா கத்தரியோடு நின்றார். அப்படி ஒரு நாள் கம்பெனியிலிருந்து வந்த மெயிலைத் திறந்தேன். இரண்டு வரி ஆங்கிலம், அதன் கீழே எழுத்தும் எண்ணும் கலந்து, சொல்லும் இல்லாமல் இடைவெளியும் இல்லாமல், பக்கம் பக்கமாக ஓடியது. கீழே போகப் போக முடியவில்லை.

"யாருனா மந்திரம் கிந்திரம் எழுதி அனுப்பிட்டாங்களா?"

"இல்லக்கா. இது படம். மெயில்ல படம் அனுப்பினா இப்படி எழுத்தா மாத்தித்தான் அனுப்பும். அந்தப் பக்கம் போய் மறுபடி படமா மாத்திப் பாத்துக்கலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அக்கா கத்தரி நுனியால் அந்த எழுத்துகளைத் தொட்டுக் காட்டினார்.

"எழுத்தா வேஷம் போட்டுகினு உள்ள வருது."

"ஆமா."

"அப்ப வேஷம் போட்டுகினு வெளியவும் போவும்."

அவர் ஒயரைக் கழற்றி, மோடத்தை ஒரு துணியில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினார்.

இது நடந்து இரண்டு வாரம் இருக்கும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காதில் விழுந்தது. பெரிய முதலாளி ஒருவரின் சீசன் டிசைன் வெளியே போய்விட்டது. இன்னொருத்தர் கடையில் அதே கரையோடு புடவை தொங்குகிறது. டிசைன் அக்கா வீட்டில் இன்டர்நெட் வைத்திருக்கிறாளாம், ஒரு வாத்தியார் வந்து போகிறானாம்.

அந்த வாத்தியார் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

போகிற வழியெல்லாம் மனசுக்குள் அந்தக் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். டிசைன் இருக்கும் பாதியை லினக்ஸ் பாதி தொடாதபடிதான் வைத்திருந்தேன். வைத்திருந்தேனா? அந்த வரியை எழுதினேனா, எழுத நினைத்தேனா? நான் இல்லாதபோது யாராவது... மோடம் அரிசிக்குள் கிடக்கிறதே! அதற்கு முன்னால்? எனக்குத் தெரியாது. மூன்று வாரம் உட்கார்ந்து செய்தவனுக்கு, அது என்ன செய்யும் என்று தெரியாது. தெருவில் அட்டை எரிகிற வாசனை வந்தது. உண்மையில் யாரோ சருகு எரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் மரப்படி சத்தம் போட்டது. அக்கா உறையை எடுக்கவில்லை. "யாரு?" என்று கேட்கவும் இல்லை.

அந்த முதலாளி அமைதியான மனிதர். கத்துகிறவராக இருந்திருந்தால் தேவலை. வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு புடவையை எடுத்துத் தரையில் வைத்தார்.

"கடையில வாங்கினேன். என் டிசைனை நானே காசு குடுத்து" என்றார். "என்னுது இன்னும் தறியிலதான் இருக்குது. மொத புடவை ஒண்ணே ஒண்ணு எறங்கிச்சு, அது என் பீரோவுல இருக்குது. இவ்ளோ தறியில அட்டை ஏத்திட்டு உக்காந்துகினு இருக்கேன். இனிமே நான் வித்தா நான்தான் காப்பின்னுவான்."

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நீதானா வாத்தியாரு? இந்தப் பொட்டில இருந்து படம் வெளிய போவுமா, போவாதா?"

போகாது என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது! அக்காவைப் பார்த்தேன்.

"உள்ளத சொல்லுங்க தம்பி" என்றார் அக்கா.

"படமா போவாது சார்" என்றேன். "எழுத்தா மாத்தினா... போலாம்."

முதலாளி தலையை ஆட்டினார், ஏதோ வரவுசெலவு முடிந்ததுபோல. "சரிம்மா. சாயங்காலம் ஆளுங்க வருவாங்க. உன் அட்டை எல்லாத்தையும் கொண்டாந்து போட்டுடுவாங்க. இந்த ஊர்ல இனிமே எவன் தறியிலயும் அது ஏறாது."

முப்பது வருஷமாக அக்கா எந்த நிமிஷத்துக்குப் பயந்தாரோ அந்த நிமிஷம் படியேறி வந்து எதிரில் நின்றது. அவர் தரையில் உட்கார்ந்து, அந்தப் புடவையின் கரையைப் பிரித்தார். முகத்தை ஜரிகைக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோனார்.

"மொதலாளி, மயிலுக்குக் கண்ணு இருக்குது."

"மயிலுன்னா கண்ணு இருக்கும்."

"என் பொட்டில இருக்கறதுக்கு இருக்காது."

அவர் எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். என் எதிரில் டிசைன் பாதியைத் திறந்தது அதுதான் முதல் தடவை. திரையைச் சுவரிலிருந்து எங்கள் பக்கம் திருப்பினார். மயில். அடுத்து இன்னொரு மயில். அன்னம், கிளி, யானை, யாளி. ஒன்றுக்கும் கண் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் வெறுமையாக இருந்தது. இத்தனை வருஷமும் சுவருக்கு முதுகைக் கொடுத்து இவர் இந்தக் குருட்டுக் கூட்டத்தோடு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"பொட்டிக்குள்ள எதுக்கும் கண்ணு வைக்க மாட்டேன் மொதலாளி. கண்ணு இருந்தா வழி தெரியும். போயிடும்" என்றார் அக்கா. "மெஷின் அட்டை அடிச்சப்பறம் கண்ணுக்கு மட்டும் நான் கையால ஓட்டை போடுவேன். இதுல இருந்து போயிருந்தா குருட்டு மயிலாத்தான் போயிருக்கும்."

முதலாளி குனிந்து புடவையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி புடவையைப் பார்த்தார்.

"அப்ப அட்டையில இருந்து எடுத்திருப்பாங்க."

"அட்டையில இருந்து எடுத்தா முந்தியும் வந்திருக்குமே?" அக்கா புடவையின் தலைப்பை விரித்தார். ஏதோ பழைய மாங்காய் முந்தி, எல்லா ஊரிலும் கிடைப்பது. "கரை உங்களுது. முந்தி யாருதோ. யாரோ கண்ணால பாத்துப் போட்டிருக்காங்க. கரையைப் பாத்தாங்க, முந்தி அவங்க கண்ணுல படல. தப்பா நெனைக்காதீங்க... மொத புடவைய யாராவது கட்டினாங்களா?"

"என் வூட்டுப் பொம்பளைங்க தொடக்கூட இல்ல" என்றார் முதலாளி. "நேரா நம்ம வழக்கப்படி..."

நிறுத்திக்கொண்டார்.

வழக்கம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். புது டிசைனில் இறங்கும் முதல் புடவையை வெள்ளிக்கிழமை தெரு அம்மனுக்குச் சாத்துவார்கள். ஒரு நாள் இருந்துவிட்டு மறுநாள் பிரசாதமாக வீட்டுக்கு வரும். கொசுவமும் கரையும் முன்னால் தெரிய விரித்துக் கட்டுவார் பூசாரி. முந்தி அம்மனுக்குப் பின்னால், சுவர்ப்பக்கம். அது போதாதென்று நாலு பக்கமும் விளக்கு. ஊரே வந்து கும்பிடும். கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறவர்கள் பின்வரிசையில் நிற்பார்கள். முன்வரிசையில் முதலாளிகளும் அவர்களோடு பக்தியாக வந்த டிசைன்காரர்களும்.

முதலாளியின் கை மெதுவாக உயர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதைப் பார்த்ததும் அக்கா படபடவென்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லல தாயே! நான் யாரையும் சொல்லல! மொதலாளி, நான் ஆளுங்களத்தான் கேட்டேன்!" முதலாளியைவிட இப்போது வேறொருத்திக்கு அவர் பயந்துகொண்டிருந்தார். நானும் எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டேன்.

முதலாளி புடவையை மடித்துப் பைக்குள் வைத்தார். மன்னிப்பு என்ற சொல் அந்தப் பையில் இல்லை. படியில் பாதி இறங்கியவர் நின்று, "ஆளுங்க வர மாட்டாங்க" என்றார். மறு வாரம் அவர் வீட்டிலிருந்து புது டிசைனுக்கு ஆள் வந்தது.

படிச்சத்தம் நின்றதும் அக்கா அரிசி டிரம்மிலிருந்து மோடத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். கீழே இருந்த போனிலிருந்து ஜன்னல் வழியாக மேலே வந்த ஒயரைக் கத்தரியால் வெட்டினார்.

"அதான் போவலன்னு தெரிஞ்சுபோச்சேக்கா!"

"இந்த வாட்டி போவல. போவும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். "அந்தப் புள்ளி வச்ச ஃபைலையும் எடுத்துடுங்க தம்பி. யாராச்சும் கேக்கத் தெரிஞ்சவன் வந்துடப்போறான்."

எடுத்துவிட்டேன். மூன்று வார வேலைக்கு ஒரே ஒரு கட்டளை போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் மெஷின் படுத்தினால் பெங்களூர் ஆள் போனிலேயே சொன்னார். அவருக்கும் வார்த்தையில் சொல்லிப் பழகிவிட்டிருந்தது.

கேமரா போன் வந்த காலத்தில் அக்கா படியின் கீழே மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி வைத்தார். போனை அதில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். வாளிக்குள் ஒரு போன் பக்திப் பாட்டு பாடியபோது அவர் மேலே வீல் என்று கத்தியது தெருக்கோடிவரை கேட்டதாம். நான் அப்போது வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தேன். எப்போதாவது வந்தால் எட்டிப்பார்ப்பேன், முதலில் வாளியை, அப்புறம் அவரை.

அப்படி ஒருமுறை வந்தபோது அந்த அம்மன் கோயிலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. நானும் ஒரு மூதாட்டியும் ஒரு பூனையும்தான். அம்மன் கட்டியிருந்தது பழைய டிசைன், நான் வாத்தியாராக இருந்த காலத்திலேயே பழையது. பூசாரி கற்பூரத் தட்டை நீட்டியபடி அலுத்துக்கொண்டார். "முன்னெல்லாம் மொதலாளிங்களே வந்து மொத வரிசையில நிப்பாங்க சார். தீபாராதனை முடிஞ்சும் நவுர மாட்டாங்க. அம்மாவையே பாத்துகினு நிப்பாங்க. அப்படி ஒரு பக்தி. என்னா ஆச்சோ தெரியல, திடீர்னு ஒரு வருஷத்துல எல்லாம் போயிடுச்சு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு விபூதியை வாங்கினேன். அங்கிருந்து நேராக வாளியில் போனைப் போட்டுவிட்டு, படியேறி, அக்காவிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க பூசாரி கிட்ட எதுவும் சொல்லிடலயே தம்பி?"

"இல்லக்கா."

"சொல்லித் தொலைச்சிடாதீங்க" என்றார். "தெரிஞ்சா மொத வரிசைக்கு டிக்கெட் போட்டுடுவாரு."